நாள் குறித்து வந்த ஒளி

தைப்பூச இரவில் முற்றத்தில் நின்று வானை நோக்குவோர், முழுமதி கடகராசியின் பக்கத்தே நிற்கக் காண்பர். அன்று மதியின் ஒளிப்பெருக்கிலே பூசத்து மீன்கள் புலப்படா. சில நாள் பொறுத்து, நிலாத் தேய்ந்து முன்னிரவு இருண்டபின் பார்த்தால், அவ்விடத்தே பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒரு மீன்கூட்டம் மங்கலாய்த் தோன்றும். அதற்குக் கிழக்கே, நீட்டிய கையின் இரண்டு விரல் அகலத் தூரத்திலே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒளிப்புள்ளி உண்டு. நாம் காணக்கூடிய மிக மங்கிய மீனைக் காட்டிலும் அஃது ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கியது. அதன் பெயரும் செவிக்கினிய பெயரன்று. வானியலார் அதனை ஓஜே 287 என்பர்.

அப் புள்ளியிலிருந்து இன்று நம்மை வந்தடையும் ஒளி ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அது மீன் அன்று. நம் பால்வீதியைப் போன்ற ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிடம். ஆண்டுகள் சிலவற்றுக்கு ஒருமுறை அது திடீரெனப் பேரொளி வீசி அடங்குகின்றது. அவ்வொளி எந்நாளில் எழும் என்று முன்கூட்டியே நாள் குறித்துச் சொன்னவர்கள் உளர். சொன்ன நாளில் அது வந்ததும் உண்டு. வராமல் ஏமாற்றியதும் உண்டு. அக் கதையைச் சொல்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். வினா என்னுடையதன்று, என் மாணவன் ஒருவனுடையது. ஒருநாள் வகுப்பிலே நிகண்டின் தேவப்பெயர்த் தொகுதியில் நாள்மீன்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் எழுந்து, "ஐயா, கருந்துளை ஒளியையும் விழுங்கிவிடும் என்கிறார்கள். அதே கருந்துளை பேரொளி வீசியது என்றும் பத்திரிகையில் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படி ஐயா பொருந்தும்?" என்றான். விரோதவணி என்று சொல்லி அமர்த்திவிட்டிருக்கலாம். ஆயினும் அவன் கேட்டது அணியன்று, பொருள். ஆதலின் அன்று மாலை தொடங்கி நூல்களைத் தேடிப் படித்தேன்.

கருந்துளை என்பது மிகப் பெருந் திணிவு மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கியதனால் உண்டாவது. அதன் எல்லையைக் கடந்து உட்சென்ற யாதும், ஒளியேயாயினும், மீள்வதில்லை. நம் பால்வீதியின் நடுவிலும் அத்தகைய ஒன்று உண்டு. அதன் திணிவு சூரியனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு. உலகின் பல பாகங்களிலுள்ள வானொலித் தொலைகாட்டிகளை ஒருங்கிணைத்து எடுத்த அதன் படம் 2022 மே மாதத்தில் வெளியாயிற்று. அஃது இப்பொழுது பெரும்பாலும் அடங்கியிருப்பது. ஆனால், வேறு சில மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளைகள் கோடிக்கணக்கான சூரியன்களின் திணிவுடையன. அன்றியும் ஓயாது இரை பெறுவன. இவ்வாறு நடுவிடம் கிளர்ந்தெரியும் மண்டலங்களையே வானியலார் தனி வகுப்பாக வைத்து ஆராய்கின்றனர்.

அவற்றின் ஒளி கருந்துளையினுள்ளிருந்து வருவதன்று. உள்ளே விழப்போகும் வாயு நேரே விழுவதில்லை. சுழன்று சுழன்று தட்டம்போற் பரந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, மிகக் கொடிய வெப்பம் அடைகின்றது. அவ்வெப்பமே ஒளியாகப் புறப்படுகின்றது. ஆழ்கிணற்றில் இறக்கும் வாளி சுவரில் மோதி எழுப்பும் ஒலி மேலே நிற்பவருக்குக் கேட்கும். அடியிலுள்ள இருள் ஒன்றும் சொல்வதில்லை. கருந்துளையின் ஒளியும் அத்தகையதே. அது விழுங்குமுன் எழும் ஆரவாரமே நமக்கு எட்டுகின்றது. இவற்றுட் சில, தட்டத்தின் இருபுறத்தும் ஒளியின் வேகத்தை அணுகும் தாரைகளைப் பாய்ச்சுவன. அத் தாரைகளில் ஒன்று நம்மை நோக்கி அமையுமாயின், அம் மண்டலம் பன்மடங்கு ஒளியுடையதாய்த் தோன்றும், கணந்தோறும் மாறும். அதற்குப் பிளேசார் என்று பெயர். ஓஜே 287 அவ்வகையைச் சேர்ந்தது.

1960களில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலிருந்து வானொலி அலைகளைக் கொண்டு வானை அளந்தவர்கள், தாம் கண்டவற்றை அட்டவணைப்படுத்தினர். ஓஜே 287 என்பது அவ்வட்டவணையில் இப் புள்ளி பெற்ற இலக்கம். ஓ என்பது ஓகையோவைக் குறிக்கும். அவ்வாறு இலக்கம் பெற்றபின்னர் ஒரு புதுமை வெளிப்பட்டது. இதனை மனிதர் முன்னரே பலமுறை படம் பிடித்திருந்தனர். இன்னது என்று அறியாமலே பிடித்திருந்தனர்.

19 ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வானாய்வு நிலையங்கள் கண்ணாடித் தட்டுகளில் வானத்தைப் பதிந்து வந்தன. ஹாவட் பல்கலைக்கழகத்திலே மட்டும் அத்தகைய தட்டுகள் ஐந்து இலட்சத்துக்கு மேல் உள்ளன. இரவெல்லாம் தொலைகாட்டியோடு விழித்திருந்து தட்டை ஒளிக்குக் காட்டியவர்கள், தாம் பதிவது வேறு மீன்களை என்றே எண்ணினர். பகலில் அவற்றைப் பெருக்குக் கண்ணாடியால் நோக்கி அளந்தவர்களுட் பெரும்பாலோர் சிறு கூலிக்கு உழைத்த பெண்கள். கடகராசியின் தட்டுகளில் ஒரு மூலையிலே இப் புள்ளியும் கிடந்தது. கருந்துளை என்ற சொல்லே அந்நாளில் இல்லை.

இதனைப் படித்தபொழுது நம் ஏட்டுச் சுவடிகளின் நினைவு எனக்கு வந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை அச்சேற்றியது 1887 இல். அவர்கள் கைக்கு ஏடு எட்டியதற்குக் காரணம், பொருள் முற்றும் விளங்கியோ விளங்காமலோ, தலைமுறை தலைமுறையாக ஓலையை ஓலையாகப் பெயர்த்தெழுதிவைத்த பெயர் தெரியாத கைகளே. யாருக்கு உதவும் என்று அறியாமற் செய்யப்படும் காவல் ஒன்று உண்டு. கல்வி என்பது பெரும்பாலும் அக் காவலின் மேலேயே நிற்கின்றது. கண்ணாடித் தட்டும் ஓலையும் இவ்வகையில் உடன்பிறப்புக்களே.

பின்லாந்து தேசத்தின் தூர்க்குப் பல்கலைக்கழகத்தில் ஐமோ சில்லன்பா என்பாரும் அவர்தம் தோழரும் இப் புள்ளியின் பழைய பதிவுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து ஆண்டு முறையிலே நிரைப்படுத்தினர். ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை பேரொளி எழுந்து அடங்குதலை அவர்கள் கண்டனர். நம்மவர் வியாழ வட்டத்தை எண்ணி வியக்க வேண்டா. வியாழனுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒரு கருந்துளையை மற்றொரு கருந்துளை சுற்றிவருதலே இதற்குக் காரணம் ஆகலாம் என்றும், அடுத்த பேரொளி 1994 இன் இலையுதிர் காலத்தில் எழும் என்றும் 1988 இல் அவர்கள் எழுதினர். எழுதியபடியே 1994 இல் ஒளி எழுந்தது.

1996 இல் லெஹ்தோ, வல்தொனன் என்னும் இருவர் அக் கருத்தைத் திருத்தியமைத்தனர். பெரிய கருந்துளையைச் சூழ்ந்து வாயுத் தட்டம் உண்டு. சிறியது அத் தட்டத்தினூடே பாய்ந்தே சுற்றிவருகின்றது. துணி தைக்கும் ஊசி ஒருமுறை கீழிறங்கி ஒருமுறை மேலெழுவதுபோல, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது தட்டத்தைத் துளைக்கின்றது. துளைக்குந்தோறும் கொதிக்கும் வாயு குமிழாக வெளிப்பட்டு, விரிந்து, ஒளி வீசுகின்றது. ஆகவே, 12 ஆண்டுக்கு இரண்டு பேரொளிகள். வல்தொனன் குழுவினரின் கணக்குப்படி பெரியதன் திணிவு சூரியனைப்போல் 1,800 கோடி மடங்கு. சிறியது 15 கோடி மடங்கு. அங்ஙனமாயின் அப் பெரிய கருந்துளையினுள்ளே நெப்தியூன் சூரியனைச் சுற்றும் வட்டமும் அடங்கி மிக்க இடம் எஞ்சும். அத்தகைய ஒளியொன்று எழும்பொழுது இலட்சம் கோடி விண்மீன்களின் ஒளியையும் அது விஞ்சும் என்பர்.

ஆண்டுக்கணக்கு அறிந்தால் நாட்கணக்குக் கூறுதல் எளிது என்று தோன்றலாம். அன்று. 2005, 2007, 2015, 2019 என அவ்வொளிகள் வந்த ஆண்டுகளை நோக்குக. ஓரிடத்தில் இடைவெளி இரண்டு ஆண்டு, ஓரிடத்தில் எட்டு, ஓரிடத்தில் நான்கு. சிறிய கருந்துளையின் பாதை நீண்ட முட்டை வடிவானது. அப் பாதையும் ஒரே திசையில் நில்லாது தானே திரும்பிக்கொண்டிருப்பது. புதன் கோளின் பாதை இவ்வாறு திரும்புவதில் நியூற்றனின் விதிகளுக்கு அடங்காத பங்கு நூறு ஆண்டுக்கு 43 விகலை மட்டுமே. அச் சிறு மிச்சத்தை விளக்கியதே ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஓஜே 287 இலோ, ஒரே சுற்றில் ஏறக்குறைய 39 பாகை திரும்புகின்றது என்பது கணக்கு. புதனிடத்தே மயிரிழையாகத் தோன்றியது இங்கே மலையாக நிற்கின்றது.

மேலும், சுற்றும் இரு கருந்துளைகளும் ஈர்ப்பலைகளை வீசி ஆற்றலை இழந்து மெல்ல மெல்ல நெருங்குகின்றன. 2007 செப்டெம்பர் 13 அளவில் ஒளி எழும் என்று கணித்தவர்கள் அவ்விழப்பையும் சேர்த்தே கணித்தனர். சேராதிருப்பின் ஒளி 20 நாள் பிந்தி வரவேண்டும். ஒளி குறித்த பொழுதில் வந்தது. ஈர்ப்பலைகள் பூமியிலுள்ள கருவிகளில் நேரே பதிவாயினது அதற்கு எட்டு ஆண்டு பின்னர், 2015 செப்டெம்பரில். அவ்வாண்டு டிசெம்பர் 5 ஆந் திகதியளவில் ஓஜே 287 மீண்டும் பேரொளி வீசியது. பொதுச் சார்புக் கொள்கை நூற்றாண்டு கண்ட காலம் அது. அவ்வொளி வந்த பொழுதைக் கொண்டு பெரிய கருந்துளை சுழலும் வேகத்தையும் அவர்கள் மதிப்பிட்டனர். இயன்ற உச்ச வேகத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்றனர்.

இனி, 2019. மும்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்நாளில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லங்கேஸ்வர் டே, அவருடைய ஆசிரியர் கோபகுமார், வல்தொனன் முதலானோர் சேர்ந்து 2018 இல் புதிய கணிப்பொன்றை வெளியிட்டனர். அடுத்த ஒளி 2019 ஜூலை 31 ஆந் திகதி, கிறீனிச் நண்பகலையொட்டி, சில மணி நேரம் முன்பின்னாக எழும் என்றனர். ஆண்டும் திங்களும் நாளும் கடந்து மணிக்கே வந்துவிட்டது கணக்கு.

ஆனால் இடையூறு ஒன்று நேர்ந்தது. அதனை நம் வாசகருக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆடி மாதத்தில் சூரியன் நிற்பது கடகத்தில். அன்று ஆடி அமாவாசையும் ஆதலின் சந்திரனும் அங்கேயே. ஓஜே 287 இருப்பதும் கடகத்தில். பூமியில் எவ்வளவு பெரிய தொலைகாட்டி இருந்தும் பயனில்லை. சூரியனுக்குப் பின்னே மறைந்திருப்பதை யார் காண்பார்? செப்டெம்பர் பிறக்கும்வரை காத்திருந்தால் ஒளி எழுந்து அடங்கிவிடும்.

அப்பொழுது உதவியது ஸ்பிற்சர் என்னும் விண்வெளித் தொலைகாட்டி. 2003 இல் ஏவப்பட்ட அது, பூமியைப் போலவே சூரியனைச் சுற்றிக்கொண்டு, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பின்தங்கிப் பின்தங்கி, 25 கோடி கிலோமீற்றருக்கு மேல் விலகிப் போயிருந்தது. பின்தங்கியதே நன்மையாயிற்று. அது நின்ற இடத்திலிருந்து நோக்கச் சூரியன் ஒதுங்கிவிட்டது. அதுவும் எந்நாளில்? அவ்விடம் ஸ்பிற்சரின் பார்வைக்குத் திறந்த முதல் நாளே ஜூலை 31. செந்நிறக் கீழ்க்கதிரில் அது அன்று தொடங்கிச் செப்டெம்பர் வரை நோக்கிய அளவுகளை 2007 ஆம் ஆண்டின் ஒளியோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், குறித்த நேரத்துக்கு நான்கு மணி நேரத்துக்குள் ஒளி வந்தது என்று 2020 இல் அறிவித்தனர். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்பொழுது எடிங்டன் குழுவினர் ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதித்ததன் நூற்றாண்டாதலின் இதற்கு எடிங்டன் ஒளி என்று பெயரிட்டனர். ஸ்பிற்சர் 2020 ஜனவரி 30 இல் ஓய்வு பெற்றது.

இவ்விடத்திலே கதையை முடித்தால் கேட்போர்க்கு இனிமையாயிருக்கும், உண்மைக்கு இழுக்காகும்.

அடுத்த ஒளி 2022 ஒக்டோபரில் எதிர்பார்க்கப்பட்டது. ஒக்டோபரில் கடகம் வைகறை வானில் ஏறி நிற்கும். மறைப்பு யாதும் இல்லை. ஜேர்மனியிலுள்ள போன் நகரின் மக்ஸ் பிளாங் வானொலி வானியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டெபனி கொமோசாவும் அவர்தம் குழுவினரும் பல ஆண்டுகளாக இப் புள்ளியை விடாது நோக்கி வருபவர். 100 மீற்றர் அகலமுள்ள எஃபெல்ஸ்பேர்க் வானொலித் தொலைகாட்டியாலும், சுவிப்ற் என்னும் செய்மதியாலும் அவர்கள் பார்த்தனர். எதிர்பார்த்த பேரொளி வரவில்லை. வராமையை 2023 இல் அவர்கள் வெளியிட்டதோடு அமையாது, பெரிய கருந்துளையின் திணிவை வேறொரு வழியால் அளந்து, அது 1,800 கோடி சூரியன் அன்று, ஏறத்தாழ 10 கோடி சூரியனே என்றனர். அம் முடிபு சரியாயின் பாதையின் 39 பாகைத் திருப்பமும், மணிக்கணக்கான கணிப்பும், அவற்றின்மேற் கட்டிய பலவும் ஆட்டங்காணும்.

வல்தொனன் குழுவினர் விடையின்றி இருக்கவில்லை. தட்டத்தின் அமைப்பைத் திருத்திக் கணக்கிட்டால் அவ்வொளி ஒக்டோபருக்கு முன்னரே, ஜூலை ஆகஸ்ட் அளவில், எழுந்திருக்கும் என்றனர். மீண்டும் ஆடி, மீண்டும் சூரியனின் மறைப்பு. ஆனால் இம்முறை உதவ ஸ்பிற்சர் இல்லை. அன்றியும் 2022 பெப்ரவரியிலே ஒருநாளளவே நீடித்த ஒரு மின்னொளி பதிவாயிற்று. அது சிறிய கருந்துளையின் தாரையிலிருந்து வந்தது என்று அவர்கள் கொண்டனர். 2025 ஒக்டோபரில், ரேடியோஅஸ்ட்ரோன் என்னும் ரஷ்யச் செய்மதியின் துணையோடு முன்னர்ப் பெறப்பட்ட வானொலிப் படமொன்றில் இரண்டு கருந்துளைகளின் இருப்பும் தெரிகின்றது என்றும் எழுதினர். எதிர்த்தரப்பாரோ, காணாத ஒளியைக் கண்டதாகக் கணக்கில் வைத்தல் கூடாது என்பர். இரு திறத்தாரும் சான்று காட்டுகின்றனர்; இரு திறத்தாரும் தம் அளவுகளை மறைக்காது வெளியிடுகின்றனர்.

இத்தகைய இடத்தில் வரலாறு ஒன்றை நினைத்தல் நலம். எட்மண்ட் ஹலி தாம் 1682 இல் கண்ட வால்வெள்ளி 1758 அளவில் மீண்டும் வரும் என்று எழுதிவைத்து, 1742 இல் இறந்தார். அது சூரியனை அணுகும் நாளை, பிரான்சு தேசத்துக் கிளேரோ என்பார், லெபோற் என்னும் அம்மையாரும் லலாந்து என்பாரும் துணைசெய்ய, மாதக்கணக்காக எண்ணி, 1759 ஏப்பிரல் நடுப்பகுதி என்று குறித்தார். வால்வெள்ளி அணுகியது மார்ச் 13 இல். ஒரு மாதம் பிழை. அக் காலத்திலும் அதனை எள்ளியவர் இருந்தனர். அப் பிழையினால் நியூற்றனின் ஈர்ப்பு விதி விழவில்லை. கணக்கே மேலும் செம்மையுற்றது. அவ் வால்வெள்ளியை 1758 டிசெம்பர் 25 இரவில் முதலிற் கண்டவர் பாலிச் என்னும் ஜேர்மனிய உழவர்.

ஆயினும், எல்லாப் பிழைகளும் இத்தகையன அல்ல. சில பிழை, கொள்கையைச் செம்மைசெய்யும். சில பிழை, கொள்கையையே மாய்க்கும். 2022 இன் மௌனம் இவ்விரண்டில் எவ்வகை என்பதே இன்றைய வழக்கு. அதனைத் தீர்ப்பது நாவன்மையன்று. வரும் ஆண்டுகளில் பூசத்தின் பக்கத்தே எவ்வெந் நாளில் ஒளி எழுகின்றது, எவ்வெந் நாளில் எழவில்லை என்னும் பதிவே தீர்ப்பது. எழாத இரவையும் எழுதிவைத்தல் வேண்டும். ஒளி வந்த நாளை மட்டும் குறித்து வாரா நாளை விட்டுவிடுபவன் ஏட்டில் தனக்குப் பிடித்த செய்யுளை மட்டும் பெயர்த்தெழுதியவனை ஒப்பான்.

நாள் குறித்துச் சொல்வதில் ஒரு துணிவு உண்டு. "எப்பொழுதோ ஒளிரும்" என்பவனை ஒருவரும் பிழைசொல்ல முடியாது. அவன் ஒன்றையும் சொல்லவில்லை. "இன்ன நாள், இன்ன நேரம்" என்பவன் தன் கழுத்தைத் தானே நீட்டுகின்றான். நம் கணிதர் கிரகணத்துக்கு நாழிகை குறித்த காலந்தொட்டு அறிவு வளர்ந்தது இத் துணிவினாலேயே. சொல்பவனுக்குத் துணிவும், பார்ப்பவனுக்கு நேர்மையும், இருவருக்கும் முன்னே பதிந்துவைத்தவனுக்குப் பொறுமையும் வேண்டும். மூன்றில் ஒன்று குறையினும் ஓஜே 287 வெறும் புள்ளியே.

இவற்றை எல்லாம் நான் அறிந்த அளவில் அம் மாணவனுக்குச் சொன்னேன். பொறுமையோடு கேட்டிருந்து, "அப்படியானால் யார் வென்றார்கள், ஐயா?" என்றான். "அஃது இன்னும் எழுதப்படவில்லை" என்றேன். அவன் தன் குறிப்பேட்டிலே 1994, 2005, 2007, 2015, 2019 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 2022 என்பதன் எதிரே ஒரு வினாக்குறி இட்டான். அவ் வினாக்குறியை அழிக்கும் கை, அவனைப் போன்ற ஒருவனுடையதாக இருத்தல் கூடும்.